நல்லூரிலிருந்து வரும் சிக்னல்

உலான்பாத்தர்
7 ஜனவரி 2025

அண்ணா,

போனில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். வாட்ஸ்அப்பிலும் அப்படியே. அண்ணியின் நம்பரும் போக மாட்டேனென்கிறது. மெயிலை மட்டும் மறந்துவிட்டீர்கள் போல, அதனால் இதில் எழுதுகிறேன்.

நான் என்ன அப்படிக் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்? "உங்க கம்பெனிக்குள்ள ஒரு வாத்து இருக்குதுங்களா?" என்றேன். "ஷிப்மெண்ட் நேரத்துல வெளையாட்டா உனக்கு?" என்று கத்திவிட்டு வைத்தீர்கள். விளையாட்டில்லை அண்ணா. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஜூலையில் இங்கே மங்கோலியாவில் ஒரு ஏரிக்கரையில் வரித்தலை வாத்து ஒன்றைப் பிடித்து, அதன் முதுகில் ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டினோம். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வெயில் பட்டால் தானே சார்ஜ் ஏறும். பள்ளிக்கூடப் பையை மாட்டுகிற மாதிரி நாடா வைத்து முதுகில் கட்டிவிடுவோம். அந்த வாத்து திபெத்தைத் தாண்டி, இமயமலையைத் தாண்டி, நேபாளத்தில் இறங்கி, கடைசியில் எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா? நம் கருக்கங்காட்டுக் குளத்தில்! உலகத்தில் எத்தனை குளம் இருக்கிறது! மேப்பைப் பார்த்து ஆபீசிலேயே அழுதுவிட்டேன். உங்களுக்குச் சொல்லலாம் என்றால் நீங்கள்தான் எப்போதும் பிசி.

இப்போது அந்த சிக்னல் குளத்தில் இல்லை. நாலு நாளாக நல்லூரில், உங்கள் கம்பெனிக் கூரைக்கடியில், அசையாமல் கிடக்கிறது. வாத்து தானாக நடந்து பனியன் கம்பெனிக்குள் வராது. யாரோ அடித்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இந்த வேலையில் ஆறு நாட்டு ஆட்கள் சேர்ந்திருக்கிறோம். எவர் மேப்பைத் திறந்தாலும் உங்கள் கூரைதான் தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்?

இன்று காலை அந்தப் பகுதி வனத்துறைக்கு எழுதிவிட்டேன். கோபப்படாதீங்க.

யாழினி


நல்லூர், திருப்பூர்
10 ஜனவரி 2025

யாழினிக்கு,

கோபப்படாதீங்க என்று எழுதிவிட்டு வனத்துறையை அனுப்புகிற தங்கச்சி ஊரில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் வாய்த்திருக்கிறாள்.

நேற்று நம் சரக்கை வாங்குகிற டென்மார்க் பையரின் ஆடிட். சோதிக்க வந்த அம்மா ஒவ்வொரு தீயணைப்பானாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் காக்கி போட்ட நாலு பேர் உள்ளே வந்து, "வாத்து எங்கே?" என்கிறார்கள். என் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தையல் லைனில் இருந்த எல்லோருடைய டிபன் பாக்ஸையும் திறக்கச் சொன்னார்கள். கட்டிங் மாஸ்டர் சுரேஷ் கோழிக் குழம்பு கொண்டுவந்திருந்தான். அதை ஆளுக்கு ஒருமுறை மோந்து பார்த்தார்கள். ஆடிட் அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நல்லா இரு.

அப்போதுதான் செக்கிங் டேபிளிலிருந்து ஆயம்மாள் எழுந்தாள். நம்மிடம் வெகு வருஷமாகப் பிசிறு வெட்டுகிற ஆயம்மாள், நீயும் பார்த்திருக்கிறாய். குளத்துக்குப் பக்கத்து லைன் வீட்டில்தான் குடியிருக்கிறாள்.

"ஏனுங்க சார், மீன் வலையில மாட்டுன அந்த வாத்துங்களா? நாந்தானுங்க புடிச்சு உட்டேன்" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். காலையில் துணி துவைக்கப் போனவள், வாத்து வலையில் சிக்கி இறக்கையை அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். நெஞ்சளவு தண்ணீரில் இறங்கித் தூக்கிவந்து, இடுப்பில் செருகியிருந்த, பிசிறு வெட்டும் டிரிம்மரை எடுத்து வலையை வெட்டியிருக்கிறாள். வலை உன் நாடாவோடு முறுக்கிக்கொண்டு கிடந்ததாம். நாடாவையும் சேர்த்து வெட்டிவிட்டாள். ஏன் என்று, அந்த நாலு பேரில் பெரியவரான ரேஞ்சர் கேட்டார்.

"துணியில ஒரு நூலு தொங்குனாலே பீஸ் ரிஜெக்ட் ஆயிருமுங்க. அதும் முதுகுல அத்தனை தொங்குது. வெட்டாம எப்படிங்க உடறது?"

அந்தப் பெட்டியை என்னவென்று நினைத்தாயம்மா என்று கேட்டால், கடைக்குப் போகும் சரக்கில் திருட்டுப் போகாமல் மாட்டுவோமே, அந்த டேக் என்று நினைத்தாளாம். யாரோ கழட்ட மறந்துவிட்டார்கள், நாம் கழட்டிவிடுவோம் என்று கழட்டியிருக்கிறாள். வாத்து எழுந்து பறந்து போய்விட்டது.

மறுநாள் அதை என்னிடம் காட்டத்தான் கொண்டுவந்தாள். நான் அப்போது வீரபாண்டி சாயப்பட்டறைக்காரனோடு போனில் சண்டையில் இருந்தேன். ஒரே லாட்டில் மூன்று நீலம் அனுப்பியிருந்தான். "ஓரமா வைங்க" என்று கை காட்டினேன். அவள் ஜன்னலில் வைத்தாள். ஜன்னலில் நல்ல வெயில். உன் பெட்டி சார்ஜ் ஏறி ஏறி உன்னிடம் என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பெட்டியையும் ஆயம்மாளையும் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் நான் போய் அழைத்து வந்தேன். வழக்கு போட்டாகிவிட்டது. ரேஞ்சர் நல்ல மனுஷன்தான். "புகார் எழுத்துல வந்திருக்குதுங்க. ஒண்ணு, பறவை உயிரோட இருக்குதுன்னு காட்டுங்க. இல்லைன்னா, புகார் குடுத்தவங்க, பறவை சாகலைன்னு எழுதித் தரட்டும். சும்மா நான் மூட முடியாதுங்க" என்கிறார்.

ஒரு வரிதான். எழுதி அனுப்பு.

அருள்செல்வன்


உலான்பாத்தர்
14 ஜனவரி 2025

அண்ணா,

பொங்கல் வாழ்த்துகள். உங்கள் மெயிலைப் பத்துத் தடவை படித்துவிட்டேன்.

ஆயம்மாளக்காவை ஜீப்பில் ஏற்றியதைப் படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. பல்லைக் கடிக்காமல் கேளுங்கள்.

இந்த வாத்துகள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. முட்டையிடுவது இங்கே, இளைப்பாறுவது திபெத்தில், குளிர்காலத்துக்கு நம் ஊர். வழியில் ஒரு நாடு கைவிட்டாலும் மற்ற எல்லோரும் பாடுபட்டது வீண். அதனால்தான் ஒருவரை ஒருவர் நம்பி இந்த வேலையைச் செய்கிறோம். போன வருஷமும் மூன்று வாத்துகளின் சிக்னல் நின்றுபோனது. மூன்று ஊரிலும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில்: "பறந்து போயிருச்சு." ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. என்னோடு வேலை செய்கிற ஒயூனா என்ற மங்கோலியப் பெண்தான் இப்போது காணாமல் போன வாத்துக்கு நாடா கட்டியவள். தினமும் வந்து என் மேஜை முன்னால் நின்று ஒரே கேள்வி கேட்கிறாள்: "பறவை எங்கே?" என் அண்ணனின் கம்பெனி, அண்ணனின் ஆள், அதனால் நம்பு என்று நான் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

அந்த வாத்தின் இடதுகாலில் பச்சை வளையம் இருக்கிறது. வெள்ளை எழுத்தில் K7. அது பச்சை பூசிய உலோக வளையம், டிரிம்மரால் வெட்ட முடியாது. வாத்துக் கூட்டம் மார்ச் வரை அங்கேதான் இருக்கும். யாராவது அந்த வளையத்தை ஒரு போட்டோ எடுத்துவிட்டால் அன்றைக்கே எழுதித் தருகிறேன். சத்தியமாக.

யாழினி


நல்லூர்
2 பிப்ரவரி 2025

யாழினிக்கு,

நம் ஊர்ப் பறவைக் குழுவில் இருக்கும் அனுப்பிரியா டீச்சரிடம் டெலஸ்கோப்பைக் கடன் வாங்கி, பொங்கல் லீவு முடிந்ததிலிருந்து தினமும் விடிகாலையில் குளத்து மேட்டில் நிற்கிறேன். நூல் விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில், லைன் ஓட்ட வேண்டிய மனுஷன் வாத்தின் காலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வாக்கிங் வருகிறவர்கள், "ஏனுங்க, எக்ஸ்போர்ட்டை உட்டுட்டீங்களா?" என்கிறார்கள்.

உன் வாத்து தண்ணீரில் மிதக்கிறதம்மா. கால் தண்ணீருக்குள்ளே இருக்கிறது! நீ படித்த படிப்புக்கு இது தெரியாதா? கரையேறினால் சேறு. சேற்றை உதறினால் புல். புல்லை விட்டு வெளியே வந்தால் ஒற்றைக்காலில் நிற்கிறது, அதுவும் வலதுகாலில். அத்தனையும் ஒரே மாதிரித் தலையில் இரண்டு கறுப்புக் கோடு. இதில் ஆயம்மாளின் வாத்து எது என்று நான் எப்படிக் கண்டேன்?

ஆயம்மாள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரேஞ்சர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாள். லைனில் அவளை "வாத்து ஆயா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் இருவரைக் கூப்பிட்டுத் திட்டினேன். திட்டினால் நிற்குமா? இப்போது வீட்டுச் சொந்தக்காரர் பாண்டித்துரை, "கேஸ் இருக்கற ஆளுகளை வெச்சுக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டாராம். மார்ச் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். அவளும் அவள் மகள் தேவிப்பிரியாவும் எங்கே போவார்கள்? பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் வேறு. பெண் பார்க்க வருகிறவன் முதலில் எதைக் கேட்பான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அருள்


உலான்பாத்தர்
19 பிப்ரவரி 2025

அண்ணா,

ஒற்றைக்காலைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பிறகு பாண்டித்துரையைப் படித்தேன். சிரிப்பு போய்விட்டது.

குளத்தில் பார்க்காதீர்கள். இருட்டு விலகும் நேரத்தில் கூட்டமாக எழுந்து அறுவடை முடிந்த காட்டுக்கு மேயப் போகும். எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து பைக்கில் பின்னாலேயே போங்கள். காய்ந்த மண்ணில் கால் நன்றாகத் தெரியும். முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நானும் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. திரும்பும் வழியில் பார்த்துச் சொல்லும்படி எல்லோருக்கும் எழுதினேன். நேபாளத்துப் பையன் ஒருவன் உடனே சரி என்றான். இன்னொரு நாட்டில், பறவை பற்றிய தகவலை வெளியே தர மேலிடத்தின் அனுமதி வேண்டுமாம். மேலிடத்துக்கு எழுதினேன். எந்தத் துறையின் மேலிடம் என்று கேட்டு பதில் வந்திருக்கிறது. வாத்து ஒரே மூச்சில் தாண்டுகிற எல்லையை என் மெயில் ஒரு மாதமாகத் தாண்டவில்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அக்காவிடம் எனக்காக ஒன்று கேளுங்கள். வெட்டும்போது நாடா இறுக்கமாக இருந்ததா, தொளதொள என்று இருந்ததா?

யாழினி


நல்லூர்
23 மார்ச் 2025

யாழினிக்கு,

நீ சொன்னபடியே பைக்கில் துரத்தினேன். சோளக்காட்டில் இறங்கின. பச்சை வளையத்தையும் பார்த்தேன். பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறேன்! எழுத்தைப் படிப்பதற்குள் காட்டுக்காரர் நல்லான், "அட எந்திரிங்க, வாத்தை என்ன வேடிக்கை!" என்று தகரத்தைத் தட்டிவிட்டார். அவ்வளவும் போச்சு. நான் அவரோடு போட்ட சண்டை உடுமலைக்கே கேட்டிருக்கும்.

போன வாரம் குளம் காலியாகிவிட்டது. உன் ஊருக்குக் கிளம்பிவிட்டன.

ஆயம்மாளும் காலி செய்துவிட்டாள். இப்போது கம்பெனி பின்னால் துண்டுத் துணி போட்டு வைக்கும் கட்பீஸ் ரூமில், மூட்டைகளை ஒருபக்கம் தள்ளிவிட்டுத் தாயும் மகளும் இருக்கிறார்கள். நான் நம் வீட்டுக்கு வரச் சொன்னேன், வரவில்லை. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் பிறகு சொல்கிறோம் என்றார்களாம்.

நாடா எப்படி இருந்தது என்று கேட்டேன். "லூஸுங்க. வளர்ற புள்ளைக்கு அளவு பாக்காம தெச்ச சட்டையாட்ட ஒரு பக்கம் எறங்கி, எறக்கைக்கடில போயி மாட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றாள். இதை நான் சேர்த்துச் சொல்லவில்லை, அவள் வாயால் வந்தது. நம்பினால் நம்பு.

நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆறு நாட்டை நம்புகிறாய், கூடப் பிறந்தவனை நம்பவில்லை. இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

அருள்செல்வன்


உலான்பாத்தர்
29 ஏப்ரல் 2025

அண்ணா,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாத்து வந்துவிட்டது! அது எந்த ஏரியில் நாடா கட்டிக்கொண்டதோ அதே ஏரிக்கு. நேற்று பனிக்கட்டி ஓரத்தில் நின்றிருந்தது. ஒயூனாதான் முதலில் பார்த்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். இடதுகால், பச்சை, K7. இரண்டு காலிலும் நின்றது, உங்கள் நல்ல காலம். பக்கத்தில் ஜோடியும் இருக்கிறது.

இன்னும் ஒன்று. இடது இறக்கையின் கீழே இறகு தேய்ந்து, தோல் புண்ணாகி ஆறிய தடம் இருக்கிறது. நாடா இறங்கித்தான் போயிருக்கிறது. கோடையில் கொழுத்திருந்த உடம்புக்கு அளவெடுத்துக் கட்டினோம். இமயமலையைத் தாண்டி வந்ததில் அது இளைத்துப்போயிருக்கிறது. வலையில் மாட்டியது அந்தத் தொங்கின நாடாவால்தான். அக்கா வலையை மட்டும் வெட்டி விட்டிருந்தால் அடுத்த வலையிலோ முள்ளிலோ மாட்டிச் செத்திருக்கும். ஒயூனா இதைப் பார்த்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

போட்டோவோடு ரேஞ்சருக்கு இன்றே எழுதிவிட்டேன்: பறவை உயிரோடு இருக்கிறது, புகார் தவறு, தவறு என்னுடையது. பாண்டித்துரைக்கும் தனியாக எழுதலாமா என்று சொல்லுங்கள். இந்த வருஷம் கட்டவிருந்த நாடாக்களையும் நிறுத்தி வைத்திருக்கிறோம், மாதிரி மாற்ற வேண்டும்.

வலசைப் பாதை நாடுகளின் கூட்டம் நவம்பரில் கோவையில் நடக்கிறது. அங்கே ஆயம்மாளக்காவை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி "குளத்தின் காவலர்" என்று ஒரு பட்டயம் கொடுக்க எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். முதன்முறையாக ஒரே நாளில் ஆறு நாடும் சரி என்று சொன்ன விஷயம் இதுதான். அக்காவிடம் சொல்லுங்கள்.

யாழினி


நல்லூர்
15 ஜூன் 2025, ஞாயிறு

அம்மிணி,

வழக்கு மூடியாகிவிட்டது. ரேஞ்சரே கம்பெனிக்கு வந்து ஆயம்மாளிடம் பேப்பரைக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். நீ வாத்தைப் பார்த்ததாக எழுதிய மெயிலை நான் லைனை நிறுத்தி எல்லோருக்கும் சத்தமாகப் படித்தேன். கை தட்டினார்கள்.

ஆயம்மாள் மட்டும் கை தட்டவில்லை. பொன்னாடைக்கு வர மாட்டாளாம். "எனக்கு அதெல்லாம் வேண்டாமுங்க. இனிமே ஒரு குருவி கண்ணு முன்னால துடிச்சாலும் நான் கை வெக்க மாட்டனுங்க. ஒருக்கா வெச்சு, ஊடு போச்சு, புள்ளைக்கு வந்த எடம் போச்சு" என்றாள். பாண்டித்துரை இப்போது வீட்டுக்குத் திரும்ப வரச் சொல்கிறார். அங்கேயும் போக மாட்டாளாம்.

கோபத்தில் சொல்கிறாள், ஆறிவிடும் என்று நினைத்தேன். இன்று காலை எனக்கு போன். "ஓனருங்க, குளத்து வலையில ஒரு வாத்து மாட்டிக் கெடக்குது. நீங்க வந்து எடுங்க." நான் போய்ச் சேர்வதற்குள் மேட்டில் ஒரு கூட்டமே நிற்கிறது. எல்லோர் கையிலும் போன், எல்லோரும் வீடியோ. ஒருவன்கூட இறங்கவில்லை. "தொட்டா கேஸுங்க, அந்த அக்காவுக்கு ஆச்சுல்ல" என்கிறான் ஒருவன். ஊர் முழுக்க அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆயம்மாள் கையைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டே நிற்கிறாள்.

வேட்டியோடு நான் இறங்கினேன். நீச்சல் தெரியாதவன் இறங்கிய லட்சணத்தை நீ யூடியூபில் பார்த்துக்கொள். வெளியூர் வாத்துகூட இல்லை, இங்கேயே வருஷம் முழுக்கக் கிடக்கிற புள்ளிமூக்கு வாத்து. வலையோடு அறுத்துத் தூக்கிவந்தேன். இப்போது என் ஆபீஸில், டி-ஷர்ட் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து என்னை முறைக்கிறது. காலில் நைலான் நூல் பலமாகச் சுற்றியிருக்கிறது, கால் வீங்குகிறது. வனத்துறை ஆள் வருகிறேன் என்றார், உடுமலைப் பக்கம் வேறு வேலையில் இருக்கிறாராம், வர மத்தியானம் ஆகும். நான் கத்திரியை எடுத்தால் நூல் எது, தோல் எது என்று தெரியவில்லை. அது வேறு கொத்துகிறது.

ஆயம்மாள் கதவுக்கு வெளியே நிற்கிறாள். இந்த வேலை அவளுக்கு ஒரு நிமிஷம். உள்ளே வரச் சொல்லிக் கெஞ்சிவிட்டேன். "இந்த வாத்தை நான் தொடலைன்னு உங்க தங்கச்சி மொதல்ல எழுதித் தரட்டும்" என்கிறாள். போனில் சொன்னால் போதாதாம். புகார் எழுத்தில்தானே வந்தது, இதுவும் எழுத்தில் வரட்டுமாம்.

தப்பென்று நான் எப்படிச் சொல்வேன்? முதலில் அதை எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

அண்ணன்


உலான்பாத்தர்
15 ஜூன் 2025

அண்ணா, கீழே இருப்பதை பிரிண்ட் எடுத்து அக்கா கையில் கொடுங்கள்.

ஆயம்மாளக்காவுக்கு,

இன்று குளத்தில் மாட்டிய புள்ளிமூக்கு வாத்தை நீங்கள் தொடவில்லை. எடுத்தது என் அண்ணன் அருள்செல்வன்.

ஜனவரியில் நீங்கள் தொட்ட வாத்து இந்த வாரம் ஐந்து குஞ்சுகளோடு ஏரியில் நீந்துகிறது. நீங்கள் தொட்டதால்தான் நீந்துகிறது. கண்ணால் எதையும் பார்க்காமலேயே, அதைக் கொன்றுவிட்டார்கள் என்று நான் எழுதி அனுப்பினேன். நிஜம் தெரிந்த பிறகு மேடையும் பொன்னாடையும் என்று எழுதினேனே தவிர, உங்களிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதத் தோன்றவில்லை எனக்கு. என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா.

இன்றைக்கும் இனிமேலும், வலையில் மாட்டிய எந்தப் பறவையை நீங்கள் எடுத்தாலும், எடுக்கச் சொன்னது நான். யார் கேட்டாலும் இந்தத் தாளைக் காட்டுங்கள், கேள்வி என்னிடம் வரட்டும். இதே வரிகளை ரேஞ்சருக்கும் இப்போதே அனுப்பியிருக்கிறேன். அந்த வாத்துக்கு நாடா கட்டிய ஒயூனாவும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

நூல் இறுகினால் ஒரு மணி நேரத்தில் கால் செத்துவிடும். அண்ணனுக்கு நூல் வெட்ட வராது. உள்ளே போங்க அக்கா.

யாழினி